பட்டியலில் தொலைந்த பூஜ்ஜியம்: ஆபீஸ் ஃபேக்ஸோடு நாலு வருடம்

போன வாரம் எங்கள் ஆபீஸ் மல்டிஃபங்ஷன் பிரிண்டருக்கு மெயின் போர்டு மாற்றினார்கள். அதே வாரம் வேறொரு அலுவலகத்தில் இருக்கும் நண்பர், "நாங்களும் ஃபேக்ஸ் போர்டோடு சேர்த்தே ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறோம், உங்களுடையது எப்படி?" என்று கேட்டார். பிரிண்ட், காப்பி, ஸ்கேன் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நன்றாகவே ஓடுகிறது. ஃபேக்ஸ் அனுப்புவது நாலு வருடமாக என் தலையில் விழுந்த வேலை. அதனால் முகவரிப் பட்டியலைப் பற்றித்தான் என்னிடம் பேச்சு இருக்கிறது, கொஞ்சம் கோபமாகவே.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மெஷினின் சின்னத் திரையில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி எண் சேர்ப்பது தண்டனை. ஆனால் அதன் ஐபி முகவரியை பிரவுசரில் அடித்து, அட்மின் பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போனால், முகவரிப் பட்டியல் முழுவதும் கம்ப்யூட்டர் கீபோர்டுக்கு வந்துவிடுகிறது. பெயர், எண், எந்த எழுத்தின் கீழ் வர வேண்டும், எந்தக் குழுவில் சேர வேண்டும், எல்லாவற்றையும் உட்கார்ந்த இடத்திலேயே முடிக்கலாம். பதினைந்து பேருக்கு ஒரே சுற்றறிக்கை என்றால் குழுவைத் தொட்டு ஸ்டார்ட்டை அழுத்தினால் போதும்.

நான் எதிர்பார்க்காத இன்பம் ஒன்று உண்டு. ஒவ்வொரு எண்ணுக்கும் அனுப்பும் வேகத்தைத் தனியாக வைக்கலாம். எங்கள் கிளை அலுவலகம் ஒன்றுக்கு மட்டும் இரண்டாம் பக்கத்தில் அறுந்துகொண்டே இருந்தது. அங்கே இருப்பது இன்டர்நெட் வழியாகப் போகும் லைன். ஃபேக்ஸ் மோடமின் ஓசை பழைய டெலிபோன் கம்பியை நம்பிப் பிறந்தது. பேச்சைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி அனுப்பும் லைனில் ஒரு பொட்டலம் தாமதித்தால், நம் காதுக்குத் தெரியாது, மோடமுக்குத் தெரியும். அந்த ஒரு எண்ணுக்கு மட்டும் வேகத்தை வினாடிக்கு 33,600 பிட்டிலிருந்து 9,600 பிட்டுக்கு இறக்கினேன். பக்கத்துக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகிறது, அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒரு தடவைகூட அறுந்ததில்லை. அந்த அமைப்பை யோசித்து வைத்த புண்ணியவானுக்கு நன்றி.

இனி பூஜ்ஜியத்தின் கதை.

எங்கள் ஆபீஸில் வெளி லைனுக்கு முதலில் 0 அழுத்த வேண்டும். உள் எண்கள் மூன்று இலக்கம். மெஷினை நிறுவ வந்த டெக்னீஷியன், "0 போட்டு ஒரு பாஸ் போடுங்க, அப்புறம் நம்பர் போடுங்க" என்று சொல்லிக் கொடுத்தார். பாஸ் என்றால் லைன் கிடைக்கும்வரை ஓரிரு வினாடி காத்திருப்பது. பட்டியலில் அது 'பி' என்ற எழுத்தாகப் பதிவாகும். முதல் வருடம் ஒழுங்காகப் போட்டேன். அப்புறம் ஒரு நாள் மறந்து போனேன், பாஸ் இல்லாமலும் போய்ச் சேர்ந்தது. அதோடு விட்டுவிட்டேன்.

போர்டு மாற்றியதில் பட்டியல் துடைத்துப்போயிற்று. நான் பெருமையாகச் சிரித்தேன், ஏனென்றால் சிஎஸ்வி கோப்பாக, அதாவது பெயரையும் எண்ணையும் காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக, எடுத்து வைத்திருந்தேன். ஏற்றினேன். நீளமான வெளிநாட்டு எண்கள் சிலவற்றை மட்டும் மெஷின் பிழை என்று தள்ளியது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மற்றதை அனுப்ப ஆரம்பித்தேன்.

முதல் ஃபேக்ஸ், பதில் இல்லை. இரண்டாவது, பதில் இல்லை. மூன்றாவது நன்றாகப் போனது. நாலாவது, மறுபடி இல்லை. லைனில்தான் கோளாறு என்று டெலிபோன்காரரைக் கூப்பிட இருந்தேன். அப்போது அக்கவுண்ட்ஸ் அக்கா கோபமாக வந்தார். "காலையிலேர்ந்து யாரோ போன் பண்ணி விளையாடுறாங்க. எடுத்தா பேசறதில்ல, மூணு செகண்டுக்கு ஒரு தரம் 'பீப்'னு ஒரு சத்தம். வச்சா திரும்ப அடிக்குது."

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். ஃபேக்ஸ் மெஷின் "நான் ஃபேக்ஸ், அங்கே யார்?" என்று கேட்கும் ஓசை அது: 1,100 ஹெர்ட்ஸில் அரை வினாடி, மூன்று வினாடி மௌனம், மறுபடி அரை வினாடி. திரும்பத் திரும்ப அடித்தது மெஷினின் தானியங்கி ரீடயல்.

மூன்று மாதம் முன்னால் ஒரு பெயரில் எழுத்துப் பிழை திருத்த அந்தக் கோப்பை ஸ்ப்ரெட்ஷீட்டில் திறந்து சேமித்திருந்தேன். ஸ்ப்ரெட்ஷீட்டுக்கு அது டெலிபோன் எண் என்று தெரியாது. வெறும் எண் என்று நினைத்து முன்னால் இருந்த 0-வை உதறிவிட்டது. 12 இலக்கமும் அதற்கு மேலும் போனவற்றை 1.23E+11 மாதிரி அறிவியல் குறியீடாகச் சுருக்கி, சேமிக்கும்போதும் அப்படியே எழுதிவிட்டது. மெஷின் தள்ளியது அவற்றைத்தான். மற்ற எண்கள் 0 இல்லாமல் டயல் ஆகும்போது, முதல் மூன்று இலக்கத்தையே எங்கள் ஆபீஸ் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் உள் எண்ணாக எடுத்துக்கொண்டது. எங்கள் வட்டார எண்கள் முக்கால்வாசி ஒரே மூன்று இலக்கத்தில் தொடங்குபவை. அந்த மூன்று இலக்கம் அக்கவுண்ட்ஸ் அக்காவின் எண்.

ஒழுங்காகப் போனவை எவை என்று பார்த்தேன். முதல் வருடம் பாஸ் போட்டுப் பதித்தவை. நடுவில் ஒரு எழுத்து இருந்ததால் ஸ்ப்ரெட்ஷீட் அவற்றை எண்ணாகக் கருதாமல் விட்டுவிட்டது. டெக்னீஷியன் பேச்சைக் கேட்ட வரைக்கும் தப்பித்திருக்கிறேன்.

என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் மெஷின்மேல் கோபம் தீரவில்லை. கையால் ஒரு எண் அடித்தால் "மறுபடி அடித்து உறுதி செய்" என்று படுத்துகிற மெஷின், கோப்பு வழியாக வந்தால், வெறும் இலக்கமாக இருக்கும் எதையும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குகிறது. வெளி லைன் எண் இல்லாத பதிவுகள் இத்தனை என்று ஒரு வரி சொன்னால் என்ன குறைந்துவிடும்?

இரண்டு நாள் உட்கார்ந்து பழைய அனுப்புகை அறிக்கைகளைப் பார்த்து எண்களைச் சரிசெய்தேன். இப்போது கோப்பை நோட்பேடில் மட்டும்தான் திறக்கிறேன். ஸ்ப்ரெட்ஷீட்டே வேண்டும் என்றால், நேராகத் திறக்காமல் இறக்குமதி வழியாகப் போய் எண் நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று குறித்துக்கொள்ள வேண்டும். சர்வீஸுக்கு வருகிறவர் ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன்னால் பட்டியலைப் புதிதாக ஒரு தடவை இறக்கிக்கொள்ளவும் வேண்டும்.

நண்பரிடம் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மேலே இத்தனை புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது நியாயமா என்று அவர் கேட்டார். அக்கவுண்ட்ஸ் அக்கா இன்னும் என்னோடு பேசவில்லை. அடுத்த மாதம் கேளுங்கள், வேறு பதில் சொல்கிறேன் என்றேன்.