கொலையாளி எழுதும் பக்கங்களை எவ்வளவு நம்பலாம்? ‘ரெட் டிராகன்’, ‘மாலிஸ்’: ஓர் ஒப்பீடு

கொலை செய்தவரும் அவரைத் தேடுபவரும் மாறி மாறிக் கதையை நகர்த்தும் நாவல்களில், ‘யார் செய்தது’ என்ற கேள்வி பெரும்பாலும் பாதி வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. அதற்கு ஈடாக எழுத்தாளர் எதைத் தருகிறார் என்பதில்தான் இவ்வகை நாவல்கள் வேறுபடுகின்றன. 1981இல் வெளிவந்த தாமஸ் ஹாரிஸின் ‘ரெட் டிராகன்’, 1996இல் ஜப்பானிய மொழியில் வெளிவந்த கெய்கோ ஹிகாஷினோவின் ‘மாலிஸ்’ ஆகிய இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் இது தெளிவாகத் தெரியும். ‘மாலிஸ்’ நாவலின் கொலையாளியை மறைத்துக்கொண்டு அதைப் பற்றிப் பேச இயலாது. பாதிக்கு முன்பே வெளிப்பட்டுவிடும் செய்திதான் என்பதால் பெரிய இழப்பில்லை.

ஹாரிஸ், கொலையாளி, அவனைத் தேடுபவர் இருவரையும் படர்க்கையில் காட்டுகிறார். பர்மிங்காமிலும் அட்லாண்டாவிலும் முழுநிலவை ஒட்டி இரண்டு குடும்பங்கள் கொல்லப்பட்டிருக்க, பணியிலிருந்து விலகியிருந்த புலனாய்வாளர் வில் கிரஹாம், அடுத்த முழுநிலவுக்குள் கொலையாளியைக் கண்டுபிடிக்க அழைக்கப்படுகிறார். செயின்ட் லூயிஸ் நகரில் ஃபிலிம் கழுவும் நிறுவனத்தில் வேலை செய்யும் கொலையாளி டாலர்ஹைடு, கதை கணிசமாக நகர்ந்த பின்னரே நம் முன் வருகிறான். அவன் வந்ததும் நாம் கிரஹாமை முந்திவிடுகிறோம். இரு குடும்பங்களையும் இணைக்கும் கண்ணி அவர்கள் கழுவ அனுப்பிய வீட்டுப் படச்சுருள்கள்தான் என்பது நமக்குத் தெரிந்திருக்க, அவரோ அந்தப் படத்தையே போட்டுப் பார்த்துக்கொண்டு விடை தெரியாமல் தவிக்கிறார். நாவலின் பதற்றம் முழுவதும் இந்த இடைவெளியில் இருக்கிறது. டாலர்ஹைடுடன் நெருங்கிப் பழகும் பார்வையற்ற பெண் ரீபா, மயக்க மருந்து கொடுத்துக் கிடத்தப்பட்ட புலியின் உடலைத் தடவிப் பார்க்கும் அத்தியாயத்தில், நாம் அஞ்சுவது புலிக்காக அல்ல. பக்கத்தில் நிற்கும் மனிதனைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது என்பதற்காக. ஆனால் டாலர்ஹைடின் குழந்தைப்பருவத்தை விவரிக்கும் பகுதிகள், இன்ன துன்பம் நேர்ந்ததால் இன்ன கொடூரம் விளைந்தது என்று கணக்குப்போட்டுக் காட்டுவதாகவே எனக்குப் படுகின்றன.

ஹிகாஷினோ தேர்ந்தெடுத்தது தன்மை இடம். அதுவும் எழுத்து வடிவில். புகழ்பெற்ற நாவலாசிரியர் ஹிடாகா, கனடாவுக்குக் குடிபெயரவிருந்த வேளையில் கொல்லப்படுகிறார். அவருடைய நண்பரும் சிறுவர் நூல்கள் எழுதுபவருமான நோனோகுச்சி அந்த நாளைக் குறிப்பாக எழுதுகிறார். முன்பு அவருடன் ஒரே பள்ளியில் ஆசிரியராக இருந்த துப்பறிவாளர் காகா அதை வாங்கிப் படிக்கிறார். டாலர்ஹைடுக்குத் தன்னை ஒரு வாசகர் கவனிப்பது தெரியாது. கொலையாளியான நோனோகுச்சியோ, காகா படிப்பார் என்று அறிந்தே ஒவ்வொரு வரியையும் எழுதுகிறார். ஆகவே அவருடைய பக்கங்கள் மனத்தைத் திறந்துகாட்டும் சன்னல் அல்ல, அவையே குற்றத்தின் தொடர்ச்சி. அண்டை வீட்டுப் பூனைக்கு ஹிடாகா நஞ்சு வைத்ததாக அந்தக் குறிப்பில் ஒரு செய்தி வரும். அந்தப் பூனையை மறந்துவிட வேண்டாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கொலையாளி ஒப்புக்கொண்ட பின்னும் காகா வழக்கை விடுவதில்லை, ஏனெனில் சொல்லப்பட்ட காரணம் பொருந்துவதாக அவருக்குப் படவில்லை. பழைய பள்ளித் தோழர்களின் வாக்குமூலங்களாகவே நீளும் பகுதி, ஹாரிஸின் வேகத்துக்குப் பழகியவர்களைச் சலிப்படையச் செய்யலாம். அதைத் தாண்டிவிடக் கூடாது: ஒரே மனிதனை ஒவ்வொருவரும் வெவ்வேறாக நினைவுகூர்வதிலிருந்துதான் காகா உண்மையைப் பிரித்தெடுக்கிறார்.

இரண்டு பார்வைகளைப் பயன்படுத்தும் முறை புதிதன்று. ஆங்கிலேயத் துப்பறியும் கதை எழுத்தாளர் ஆஸ்டின் ஃப்ரீமன் 1912இலேயே முதற்பாதியில் குற்றத்தையும் பிற்பாதியில் துப்பறிதலையும் வைத்துக் கதைகள் வெளியிட்டார். அங்கே இரண்டும் அடுத்தடுத்து நின்றன, ஒன்றோடொன்று மோதவில்லை. ‘ரெட் டிராகன்’ நாவலிலும் இரு தரப்பும் சொல்வது ஒரே உண்மையைத்தான். இரண்டு குரல்கள் உண்மையிலேயே ஒன்றையொன்று மறுப்பது ‘மாலிஸ்’ நாவலில் மட்டுமே என்பதால், இந்த வடிவத்தை முழுமையாகப் பயன்படுத்தியவர் ஹிகாஷினோ என்பேன். அச்சத்துக்காகப் படிப்பவருக்கு ஹாரிஸே போதும்.

இரண்டையும் படிக்க எண்ணுபவர் ஹாரிஸில் தொடங்குவது நல்லது. கொலையாளியின் அத்தியாயத்தில் வருவதையெல்லாம் அப்படியே நம்பும் பழக்கத்தை அவர் ஏற்படுத்திவிடுகிறார். ஹிகாஷினோ கைவைப்பது அந்தப் பழக்கத்தில்தான்.