ஆறு புட்டியில் நாலு மை: போட்டோ பிரிண்டர் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

பினாங்கில் வீட்டுப் போட்டோ பிரிண்டருக்குப் புட்டி மை வாங்கி நிரப்புகிறவர்களுக்காக, குறிப்பாக ஆறு கலர் மெஷின் வைத்திருப்பவர்களுக்காக, இதை எழுதுகிறேன். என்னை ஏமாற்றிய கடை தீவில்தான் இருக்கிறது. புகார் இன்னும் முடியாததால் பெயரைப் போடவில்லை. ஆனால் இந்த வேலையை எந்தக் கடையும் செய்யலாம். எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தால் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

மை நிரப்பும் கார்ட்ரிட்ஜே மோசம் என்று நான் சொல்லவில்லை. கம்பெனி கார்ட்ரிட்ஜில் இருப்பது சில மில்லி மைதான். காதுகுத்து, கல்யாணம், தைப்பூசம் என்று படம் போட்டுக் கொடுக்கும் வீட்டில் அது எந்த மூலைக்கு? நல்ல மையை நிரப்பிப் பல வருடம் நிம்மதியாகப் படம் எடுத்திருக்கிறேன். அதே கடையில்தான் வாங்கினேன்.

அப்போதெல்லாம் புட்டியில் எந்த வரிசை பிரிண்டருக்கு, டை இங்க்கா (நீரில் கரைந்த சாய மை) பிக்மென்ட் இங்க்கா (கரையாத நிறத்தூள் மை), என்ன நிறம் என்று அச்சடித்திருக்கும். கடைசியாகப் போனபோது வெறும் வெள்ளைப் புட்டிகள், மேலே மார்க்கரில் ஒன்றிரண்டு எழுத்து. கேட்டதற்கு, "புது ஸ்டாக் அண்ணே. அதே மைதான், பெரிய டின்ல வருது, நாங்களே ஊத்தித் தர்றோம்" என்றான் கடைப் பையன். பில்லில் 'போட்டோ இங்க், 6 கலர், ஒரிஜினல் தரம்' என்று எழுதச் சொன்னேன், எழுதிக் கொடுத்தான். அந்த ஒரு வரிதான் இப்போது எனக்குக் கை கொடுக்கிறது.

அக்கா மகள் கல்யாணப் படங்களைப் போட்டேன். மணப்பெண்ணின் கன்னமும் நெற்றியும் திட்டுத் திட்டாகச் சிவந்து கறுத்திருந்தன. பின்னால் இருந்த வானம் கரு நீலம். சந்தனப் பொட்டு தனியாகத் தெரியவில்லை. நம்மவர் தோல் நிறத்தில் இந்தக் கோளாறு உடனே கண்ணில் படும். பூவையும் மலையையும் மட்டும் அடிப்பவருக்குப் பல நாள் தெரியாமலே போகலாம்.

ஆறு கலர் பிரிண்டரில் சியான் (ஒருவகை நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள், கறுப்பு தவிர வெளிர் சியான், வெளிர் மெஜந்தா என்று இன்னும் இரண்டு இருக்கும். முகம், வானம் போன்ற இளம் நிறப் பகுதிகளில் புள்ளி தெரியாமல் நிறம் மெல்ல மாறுவதற்காகவே அவை. அங்கே வெளிர் மை இருக்கிறது என்று நம்பித்தான் மெஷின் தாராளமாகத் தெளிக்கிறது. அந்த இடத்தில் முழு அடர்த்தியுள்ள மை இருந்தால் முகம் என்ன ஆகும்?

கடைக்குப் படத்தைக் கொண்டுபோனேன். முதலில் பேப்பர் சரியில்லை என்றார்கள். அப்புறம் செட்டிங் தப்பு என்றார்கள். நாசில் செக், அதாவது மை தெளிக்கும் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று பார்க்க ஒவ்வொரு நிறத்திலும் கோடு அடிக்கும் சோதனை, போட்டுக் காட்டி, "பாருங்க, ஒரு கோடுகூட விடுபடல" என்றார்கள். உண்மைதான், ஒரு கோடும் விடுபடவில்லை. ஆனால் அந்தத் தாளில் வெளிர் சியான் கோடுகள் சியான் கோடுகளைப் போலவே அடர்த்தியாக இருந்தன. வெளிர் நிறக் கோடுகள் வெளுப்பாகத்தான் விழ வேண்டும். இதைச் சுட்டிக் காட்டியதும் பையன் முதலாளியைக் கூப்பிடப் போய்விட்டான், முதலாளி வெளியே போயிருக்கிறார் என்று திரும்பி வந்தான்.

வீட்டுக்கு வந்து சமையலறை டிஷ்யூவில் ஆறு புட்டியிலிருந்தும் ஒவ்வொரு சொட்டு விட்டேன். யாரும் செய்யலாம், இரண்டு நிமிட வேலை. வெளிர் சியானும் சியானும் அச்சு அசலாக ஒரே நீலம். வெளிர் மெஜந்தாவும் அப்படியே. ஆறு புட்டிக்குக் காசு வாங்கிக்கொண்டு நாலு மை கொடுத்திருக்கிறார்கள்.

கறுப்பு அதைவிட மோசம். டை இங்க் தண்ணீரோடு சேர்ந்து டிஷ்யூவில் பரவி ஓடும். என் சொட்டு நடுவில் கரியாக நின்றுவிட்டது, சுற்றிலும் ஈரம் மட்டும்தான் பரவியது. அது பிக்மென்ட். பளபளப்பான போட்டோ பேப்பரில் அடித்த படத்தை விரலால் தேய்த்தேன், கறுப்பு விரலோடு வந்தது. ஆபீஸ் கடிதம் அடிக்கும் கறுப்பு அது; சாதாரணத் தாளில் அருமையாக நிற்கும், கிளாஸி பேப்பரின் மேல்பூச்சுக்குள் இறங்காது. டை இங்க்குக்காகச் செய்த மெஷினில் அதை ஊற்றினால் மை தெளிக்கும் பாகமான ஹெட்டில் வேறு படியும்.

படியத்தான் செய்தது. கொஞ்ச நாளில் கறுப்பில் கோடு விட ஆரம்பித்தது. இந்தப் பிரிண்டரில் ஹெட் மெஷினோடு இருப்பது. கார்ட்ரிட்ஜை மாற்றினால் ஹெட்டும் மாறிவிடும் வகை இல்லை. அவர்கள் மையால் வந்த கோளாறு, அவர்களே பார்க்கட்டும் என்று கடையில் விட்டேன். அங்கே ஹெட் கிளீனிங்கைத் திரும்பத் திரும்ப ஓட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் உறிஞ்சி எடுக்கும் மை, மெஷினுக்கு அடியிலுள்ள பஞ்சில்தான் போய்ச் சேரும். எவ்வளவு போயிற்று என்று மெஷின் கணக்கு வைக்கிறது. கணக்கு எல்லையைத் தொட்டதும் சிவப்பு விளக்கைப் போட்டு நின்றுவிடும். நின்றது. "ரீசெட் பண்ணணும், 60 வெள்ளி" (ரிங்கிட்) என்றார்கள். கொடுத்து வாங்கி வந்த அன்றே மேசையில் மை கசிந்தது. ரீசெட் என்றால் கணக்கைப் பூஜ்ஜியம் ஆக்குவதுதான், பஞ்சு காய்ந்துவிடாது. அதை மாற்றாமலே காசு வாங்கியிருக்கிறார்கள்.

கோடும் போகவில்லை. அதற்கு, ஹெட் போய்விட்டது, புது ஹெட் போடும் காசுக்குப் புது மெஷினே வாங்கலாம், நாங்களே ஒன்று தருகிறோம் என்றார்கள். பட்டர்வொர்த்தில் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் ஹெட் கழுவும் திரவத்தை விட்டு ஊற வைத்து எடுத்தார், பஞ்சையும் மாற்றினார். ஹெட் இன்றைக்கும் வேலை செய்கிறது.

சிப் பற்றி ஒரு வார்த்தை. நிரப்பும் கார்ட்ரிட்ஜில் வரும் ஆட்டோ ரீசெட் சிப் மையைப் பார்ப்பதில்லை, அடித்த அளவை எண்ணிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். திரையில் 'ஃபுல்' என்று காட்டும்போது உள்ளே காலியாக இருக்கலாம். சிப் சரியாகக் காட்டுகிறது, அதனால் மையும் சரி என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, 'விற்ற பொருள் திரும்ப வாங்கப்படாது' என்ற பலகையைக் காட்டினார்கள். அந்தப் பலகைக்குப் பயந்து திரும்பி வருகிறவர்கள்தான் நம்மில் அதிகம். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்கும் பொருள் சொன்ன விவரத்தோடு ஒத்துப்போக வேண்டும், ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். பலகை மாட்டி அந்தப் பொறுப்பிலிருந்து கடை நழுவ முடியாது.

பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டிருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளி. வக்கீல் கிடையாது, நாமே பேச வேண்டும். 50,000 வெள்ளி வரைக்குமான கோரிக்கையை எடுத்துக்கொள்வார்கள், மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். மனுப் பாரம் நிரப்பத் தயக்கமாக இருந்தால் கிரீன் லேனிலுள்ள பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்குப் போங்கள், தமிழிலேயே பேசலாம். ஒரு விஷயம்: சொந்த, வீட்டு உபயோகத்துக்கு வாங்கியதாக இருக்க வேண்டும். நான் படத்தை விற்கிறேன், இது வியாபாரம் என்று கடைக்காரர் கிளப்பிப் பார்த்தார். பில் என் பெயரில் இருக்கிறது, எந்தக் கம்பெனி பெயரிலும் இல்லை. நீங்களும் அப்படியே வாங்குங்கள்.

மிச்ச மையோடு ஆறு புட்டி, டிஷ்யூ, நாசில் செக் தாள், பில், ரீசெட் ரசீது எல்லாம் ஒரு பையில் இருக்கின்றன. வீணான போட்டோ பேப்பர், மெக்கானிக் கூலி இரண்டையும் சேர்த்துத்தான் கேட்டிருக்கிறேன்.

மனு கைக்குக் கிடைத்ததும் முதலாளி போன் செய்தார். வாபஸ் வாங்கினால் புது செட் மை இலவசமாகத் தருகிறேன் அண்ணே என்றார். எந்தக் கம்பெனி மை என்று கேட்டேன். டின்னைப் பார்த்துச் சொல்கிறேன் என்றார்.