பின் இண்டிகேட்டர் இடமாற்றத் தொகுப்பு: இரும்பு வேலை நேர்த்தி, மின்வேலை அரைகுறை

என் பைக்கின் பின் மட்கார்டைக் குட்டையாக வெட்டி, அதைத் தாங்கிய பக்கச் சட்டங்களையும் கழற்றிய பிறகுதான், அந்தச் சட்டங்களில் நின்றிருந்த இண்டிகேட்டர்களுக்கு வண்டியில் வேறு இடமே இல்லை என்பது எனக்கு உறைத்தது. கம்பியில் தொங்கிய அந்த இரண்டு விளக்குகளுக்காக வாங்கியதுதான் இந்த இடமாற்றத் தொகுப்பு. கறுப்புப் பவுடர் கோட்டிங் பூசிய 3 மி.மீ. எஃகுப் பிராக்கெட்டுகள் இரண்டு, நீட்டிப்பு ஒயர்கள், போல்ட்டும் நட்டும், எல்.இ.டி. விளக்கு மாட்டுவோருக்கென இரண்டு மின்தடைகள் ஆகியவை பெட்டியில் உள்ளன. நம்பர் பிளேட்டின் பின்புறத்திலோ ஷாக் அப்சார்பரின் மேல் போல்ட்டிலோ பொருத்தலாம் என்கிறது உடன்வந்த குறிப்பு.

இரும்பு வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வளைவுகளில் விரிசல் இல்லை, துளைகளின் ஓரங்களில் பிசிறு இல்லை, இரண்டு பிராக்கெட்டுகளையும் முதுகோடு முதுகு சேர்த்துப் பிடித்தால் மயிரிழை பிசகாமல் பொருந்துகின்றன. விளக்கின் தண்டுக்கான துளை 10 மி.மீ. என்றாலும், 8 மி.மீ. தண்டுகளுக்கு இடைவளையம் தந்திருக்கிறார்கள். நட்டுகள் மட்டும் சாதாரணமானவை. ஒற்றைச் சிலிண்டர் இயந்திரத்தின் அதிர்வில் முதல் 200 கிலோமீட்டருக்குள்ளேயே ஒன்று தளர்ந்துவிட்டதால் நான்கையும் நைலாக் நட்டுகளாக (உள்ளே நைலான் வளையம் இருப்பதால் அதிர்வில் எளிதில் தளராதவை) மாற்றினேன்.

இரண்டு இடங்களிலும் பொருத்தலாம் என்பது உண்மைதான். ஆனால் இரண்டும் ஒரே தகுதி உடையவை அல்ல. இருசக்கர வாகன விளக்குகளின் அமைவிடத்தை வரையறுக்கும் ஐ.நா. 53ஆம் எண் விதியின்படி, பின் இண்டிகேட்டர்களின் ஒளிரும் பரப்புகளுக்கு இடையே, உள் ஓரத்திலிருந்து உள் ஓரம் வரை, குறைந்தது 180 மி.மீ. இடைவெளி வேண்டும், தரையிலிருந்து அவற்றின் உயரம் 350 மி.மீ.க்குக் குறையாமலும் 1,200 மி.மீ.க்கு மிகாமலும் இருக்க வேண்டும்; வண்டியின் கடைக்கோடியிலிருந்து 300 மி.மீ.க்கு மேல் முன்னே தள்ளியிருக்கவும் கூடாது. ஷாக் அப்சார்பர் போல்ட்டில் மாட்டிப் பார்த்தபோது அகலம் தாராளமாகவே இருந்தது. ஆனால் கடைக்கோடியிலிருந்து 340 மி.மீ. முன்னே போய்விட்டது. பக்கத்தில் பை மாட்டினால் பின்னால் வருபவருக்கு விளக்கு பாதிதான் தெரியும். வெளிப்புறம் 80 பாகை, உட்புறம் 20 பாகை வரை அது கண்ணுக்குப் படவேண்டும் என்பதும் அதே விதியில் உள்ளது. நம்பர் பிளேட்டின் பின்னால் பொருத்தியபோது உள் இடைவெளி 210 மி.மீ. வந்தது, அங்கேயே நிலைநிறுத்திவிட்டேன். ஷாக் அப்சார்பர் பக்கம் நின்றால்தான் வண்டி ஒல்லியாக, அழகாகத் தெரிகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் திரும்பப்போவது பின்னால் வருபவருக்குத் தெரியாவிட்டால் அந்த அழகை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

என் பொறுமையைச் சோதித்தது மின்வேலைதான். முதலில் வண்டியின் பழைய இண்டிகேட்டர்களையே, அவற்றின் 10 வாட் பல்புகளோடு மாட்டினேன். இவற்றுக்கு ஒரே ஒயர்தான். மின்சாரம் திரும்பிப் போகும் எர்த் இணைப்பு, விளக்கின் தண்டு வழியாக வண்டியின் உடலுக்குப் போகும். பிராக்கெட்டின் பவுடர் கோட்டிங்கோ மின்சாரத்தை அறவே கடத்தாதது. இடது விளக்கு மங்கி எரிந்தது, வலது விளக்கு எரியவே இல்லை. துளைகளைச் சுற்றிப் பூச்சைச் சுரண்டி, உலோகத்தைக் கடித்துப் பிடிக்கும் பற்கள் கொண்ட வாஷர் போட்ட பிறகு நிலைமை சற்றுத் தேறியது. இரு விளக்குகளிலிருந்தும் தனி எர்த் ஒயர் இழுத்துச் சட்டகத்தில் சேர்த்த பிறகுதான் முழுமையாகச் சரியானது. இதைப் பற்றிக் குறிப்பில் ஒரு வரிகூட இல்லை. நீட்டிப்பு ஒயர்கள் இரண்டும் கறுப்பாகவே இருப்பதால் இடம் வலம் மாறிப்போகவும் வாய்ப்புண்டு; நான் ஒன்றில் வெள்ளை டேப் சுற்றிக்கொண்டேன்.

சில வாரங்களுக்குப் பிறகு சிறிய எல்.இ.டி. விளக்குகளுக்கு மாறினேன். அவை இரண்டு வாட் அளவே மின்சாரம் எடுப்பதால், விளக்குகளை விட்டுவிட்டு மின்னவைக்கும் பழைய ஃபிளாஷர் ரிலே, பல்பு ஒன்று கருகிவிட்டதாகக் கருதி, படபடவென்று துடிக்கத் தொடங்கியது. நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை வரை மின்னுவதே முறையானது. என் வண்டியில் அது எண்ண முடியாத வேகத்தில் இருந்தது. தொகுப்பில் உள்ள 10 ஓம் மின்தடைகள் இதற்காகத்தான். ஒவ்வொன்றையும் விளக்குக்கு இணையாகச் சேர்த்தால் வேகம் தணிகிறது. ஆனால் இயந்திரம் ஓடும்போது 14 வோல்ட் பாயும் நிலையில், எரியும் ஒவ்வொரு கணமும் ஒரு மின்தடை ஏறக்குறைய 20 வாட் வெப்பத்தைக் கக்குகிறது. விட்டுவிட்டு எரிவதால் சராசரி அதில் பாதியாகிறது என்றாலும் விரல் வைக்க முடியாத சூடு அது. அதைச் சீட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் பட்டையால் கட்டிவைக்கச் சொல்கிறது குறிப்பு. நான் அவ்வாறு செய்யவில்லை. மின்தடைகளைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, விளக்கு எவ்வளவு மின்சாரம் எடுத்தாலும் சீராக மின்னவைக்கும் மின்னணு ரிலே ஒன்றை மாட்டினேன். வெப்பமும் இல்லை, ஒயர் வெட்டும் வேலையும் இல்லை.

ஒயர் போகும் பாதையையும் கவனிக்க வேண்டும். மட்கார்டின் உட்புறமாக அதை ஒட்டவைத்துக் கொண்டுசென்றேன். பிறகு இருவர் சேர்ந்து பின்பக்கத்தைக் கடைசி வரை அழுத்தியபோது, டயருக்கும் ஒயருக்கும் இடையே ஒரு விரல் கடை இடைவெளிதான் மிஞ்சியது. அந்த இடத்தில் ஒயருக்கு ரப்பர் குழாய் போர்த்தி, கூடுதலாக ஒரு கிளிப்பும் போட்டேன். இணைப்புகளுக்கு ஈயப்பற்று வைப்பதை விட கிரிம்ப் செய்வதே (உலோக முனையை ஒயர் மீது நசுக்கி இறுக்குவதே) நல்லது. பற்று முடிந்து ஒயர் தொடங்கும் விளிம்பில் அதிர்வினால் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துபோகும்.

நம்பர் பிளேட் நிலையில் வைக்க எண்ணுவோருக்கு, கையில் மல்டிமீட்டரும் ஒரு முழு நாள் ஓய்வும் இருந்தால், இந்தத் தொகுப்பைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பக்கப் பை மாட்டும் பழக்கம் உள்ளவர்கள் ஷாக் அப்சார்பர் நிலையை நம்பி இதை வாங்க வேண்டாம். என் மட்கார்டு குட்டையானது என்பதால் 30 செ.மீ. நீட்டிப்பு ஒயர் போதுமாக இருந்தது. முழு நீள மட்கார்டு உள்ள வண்டி என்றால் சீட்டுக்கு அடியில் உள்ள கனெக்டர் வரை அளந்து பார்த்து, நீளமான ஒயரை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.