குழந்தைக்கு மூளை எம்.ஆர்.ஐ.: நாகர்கோவில் ஸ்கேன் சென்டர்கள் எப்படி?

"பிள்ளைக்கு பைபோலாரான்னு ஸ்கேன்ல தெரிஞ்சிருமா?" பைபோலார் என்பது மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்கும் மனநோய். ஸ்கேனில் அது தெரியாது. பணம் கட்டும் முன்பே கவுண்டரில் இதைச் சொல்கிற சென்டரை நம்பிப் போகலாம். பல இடங்களில் சொல்வதில்லை. இதுதான் பெரிய குறை.

இயந்திரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வலிப்பு, தலையில் அடி, கட்டி என்று மருத்துவர் சந்தேகப்பட்டு எழுதினால் 1.5 டெஸ்லா (காந்த வலிமையின் அளவு) இயந்திரமே பெரும்பாலும் போதும். 3 டெஸ்லா தேடித் திருவனந்தபுரம் ஓட வேண்டாம். சொதப்புவது குழந்தையைத் தயார்செய்வதில்தான். வெள்ளி அரைஞாண், செப்புத் தகடு வைத்த தாயத்து, கொலுசு, ஹேர்பின் எல்லாவற்றையும் ஸ்கேன் அறை வாசலில் வைத்து அவசரமாகக் கழற்றினால் பிள்ளை மிரளும். தலை சில மில்லிமீட்டர் அசைந்தாலும் படம் மங்கிவிடும், திரும்ப எடுக்க வேண்டிவரும். எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். இயந்திரத்தின் 'டக் டக்' சத்தத்தை போனில் போட்டு, பத்து நிமிடம் அசையாமல் படுக்கப் பழக்குங்கள். காதடைப்பான் கேட்டு வாங்குங்கள். மயக்கம் கொடுப்பதென்றால் 6 மணி நேரம் சாப்பாடு கூடாது, தெளிந்த தண்ணீர் 2 மணி நேரம் முன்வரை. பால் சேர்த்த சாயாவும் சாப்பாட்டுக் கணக்குதான். மயக்க மருத்துவர் கூடவே இருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

செய்திகளில் படிக்கும் 'உணர்ச்சி ஸ்கேன்' வேறு: அது எஃப்.எம்.ஆர்.ஐ., அதாவது மூளை வேலை செய்வதைப் பார்க்கும் ஸ்கேன். குழந்தை உள்ளே படுத்தபடி கோபமான, சிரித்த, சலனமில்லாத முகங்களைப் பார்க்கும். மூளையில் எங்கே ரத்த ஓட்டம் கூடுகிறது என்று அளப்பார்கள். அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தின் 2006 ஆய்வில், பைபோலார் உள்ள பிள்ளைகள் சலனமில்லாத முகத்தையே பகைமுகமாகப் பார்த்தார்கள். அப்போது அவர்களுடைய மூளையில் பயம் போன்ற உணர்ச்சிகளைக் கையாளும் அமிக்டலா என்ற பகுதி கூடுதலாக இயங்கியது. உணர்ச்சிக்குக் கடிவாளம் போடும் முன்மூளைப் பகுதி சுணங்குவதாகவும் வேறு ஆய்வுகள் சொல்கின்றன. பெற்றோர் சாதாரணமாகப் பார்த்தாலே "ஏன் முறைக்கிற?" என்று பிள்ளை சீறுவதை இதை வைத்துக் கொஞ்சம் புரிந்துகொள்ளலாம். ஆனால் இவை குழுவின் சராசரி. தனியொரு பிள்ளையின் படத்தைப் பார்த்து நோயைச் சொல்ல இன்றைக்கு எந்த ஊரிலும் வழியில்லை.

ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று வந்தால் "நடிக்கிறான்" என்று பிள்ளையை அடிக்காதீர்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு, தூங்கிய நேரமும் மனநிலையும் நாள்வாரியாக எழுதிய நோட்டோடு போங்கள். தூக்கம் குறைந்தும் சோர்வே இல்லாமல் துள்ளிய நாட்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் அதைக் கேட்பார்.