பிள்ளையின் பெயரில் யாரோ கடன் எடுத்தால்: கண்காணிப்பா, பூட்டா?

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் பல குடும்பங்களில் பாதிப்பேர் இங்கே, மீதிப்பேர் வெளிநாட்டில். அமெரிக்காவில் இருக்கும் சித்தி, "பிள்ளையளுக்கு மாதக் காசு கட்டி கிரெடிட் மொனிற்றரிங் போட்டிருக்கிறம், நீங்களும் ஏதாவது செய்யுங்கோ" என்பார். அவருக்குச் சரிவருவது வேறு, நமக்குச் சரிவருவது வேறு.

முதலில் சித்தியின் பக்கம். அங்கே குழந்தை பிறந்த கையோடு சமூகப் பாதுகாப்பு எண், அதாவது கடன் முதல் வேலை வரை கேட்கப்படும் அரசு எண், வந்துவிடும். 18 வயதுவரை அந்த எண்ணில் யாரும் கடன் கேட்பதில்லை. அதனால்தான் திருடனுக்கு அது வாய்ப்பு. எண்ணை மட்டும் எடுத்து, வேறு பெயரும் வேறு பிறந்த தேதியும் ஒட்டிப் புதிய ஆளையே உருவாக்கிவிடுவான். காசு கட்டும் கண்காணிப்பு, கடன் பதிவில் மாற்றம் வந்தால் தகவல் தரும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அப்படி ஒரு பதிவே இருக்காது. இருந்தாலும் தகவல் வருவது காரியம் நடந்த பிறகு.

பூட்டு, அதாவது கிரெடிட் ஃப்ரீஸ், அப்படியல்ல. கடன் கொடுப்பவர் அந்தப் பதிவைப் பார்க்க முடியாதபடி மூடிவைப்பதால், புதுக் கடன் கிடைப்பதையே முன்கூட்டித் தடுக்கும். 2018 செப்டம்பரிலிருந்து அமெரிக்கச் சட்டப்படி இலவசம். 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பெற்றோரே கேட்கலாம். கடன் பதிவுகளை வைத்திருக்கும் எக்குவிஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், ட்ரான்ஸ்யூனியன் என்ற மூன்று கம்பனிகளிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். பதிவு இல்லாவிட்டால் ஒன்றைத் திறந்து பூட்டி வைப்பார்கள். அலைச்சல்தான்: சான்றிதழ் பிரதிகளை அனுப்ப வேண்டும், பிள்ளை முதல் கடன் எடுக்கும்போது திறக்கவும் வேண்டும். எண்ணைக் காட்டி யாராவது வேலையில் சேருவதை இது தடுக்காது. இருந்தும் சித்திக்கு நான் சொல்வது பூட்டைத்தான். எண் ஏற்கெனவே கசிந்துவிட்டது என்றால் கண்காணிப்பையும் சேர்க்கலாம்.

இங்கே கதை வேறு. தேசிய அடையாள அட்டை எடுக்கும் வயது 15. 12 இலக்க எண்ணில் முதல் நான்கு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள், பெண் என்றால் அதோடு 500. எண் தெரிந்தாலே பிறந்தநாளும் தெரிந்துவிடும்.

வன்னியின் தனிச் சிக்கல் பிரதிகள். 2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிய சனம், ஆவணம் என்றால் பத்துக் கொப்பி அடித்து வைக்கும். அண்ணன் வீட்டில் ஒன்று, வாட்ஸ்அப்பில் நாலு. அந்தப் பயத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கசிவதும் அந்த வழியால்தான். இங்கே பூட்டு என்றால் இந்தக் கொப்பிகளைக் கட்டுப்படுத்துவதே: மூலப் பிரதி வீட்டில், ஸ்கான் ஒன்று நம்பிக்கையான ஒருவரிடம், வெளியே கொடுக்கும் ஒவ்வொரு கொப்பியின் குறுக்கேயும் எதற்கு, எந்தத் திகதி என்று பேனையால் எழுதுவது. செலவில்லை. கொப்பி எடுக்கும் கடையின் கணினியில் கோப்பு கிடந்தால் அழிக்கச் சொல்லுங்கள்.

கண்காணிப்புக்கு நம்மிடம் இருப்பது கடன் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் கொடுகடன் தகவல் பணியகம், ஊர் வாயில் 'கிறிப்' (CRIB). 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அதில் பெயர் இருந்தாலே கறுப்புப் பட்டியல் என்று பலர் நினைக்கிறார்கள். ஒழுங்காகக் கட்டிய கடனும் அங்கே பதிவாகும். பிள்ளைக்கு 18 ஆனதும் சொந்த அறிக்கையை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது. வங்கி, லீசிங் கடன்கள் அதில் தெரியும். ஊர் வட்டிக்காரர் கொடுத்தது தெரியாது. அதே நேரத்தில், பிள்ளையின் அடையாள அட்டை எண்ணில் எத்தனை சிம் பதிவாகியிருக்கிறது என்று தொலைபேசிக் கம்பனிகளிடமும் கேட்டுவிடுங்கள்.