பென்ஷனரின் மருத்துவச் செலவு: சிஜிஎச்எஸ்ஸா, மாதம் ஆயிரமா, 70 வயது அட்டையா?

மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெறுபவர் பென்ஷன் படிவங்களை நிரப்பும்போது ஒரு கட்டத்தில் பேனா தயங்கி நிற்கும். மருத்துவ வசதிக்கு எதைத் தேர்வு செய்கிறீர்கள் என்ற கட்டம் அது. பலர் பக்கத்து சீட்டுக்காரர் எதை டிக் செய்தாரோ அதையே தாங்களும் டிக் செய்துவிட்டு வருகிறார்கள். பக்கத்து சீட்டுக்காரர் அண்ணாநகரில் இருப்பார், நீங்கள் சங்கரன்கோவிலுக்குத் திரும்பப் போகிறீர்கள். இருவருக்கும் கணக்கு ஒன்றாக இருக்க வழியே இல்லை.

முதலில் சிஜிஎச்எஸ், அதாவது மத்திய அரசு சுகாதாரத் திட்டம். 1954-இல் டெல்லியில் ஆரம்பித்த திட்டம். காப்பீடு என்று பேச்சுவழக்கில் சொன்னாலும் இதில் பிரீமியம் கிடையாது, சந்தாதான். உங்கள் சம்பள நிலையைப் பொறுத்து மாதம் 250, 450, 650 அல்லது 1,000 ரூபாய். வயது கூடினாலும், சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் இருந்தாலும் சந்தா அதனால் ஏறாது. ஓய்வு பெற்றவர்கள் ஆண்டுதோறும் கட்டலாம், அல்லது பத்தாண்டுச் சந்தாவை ஒரே தடவையில் கட்டி ஆயுள் முழுவதற்கும் அட்டை வாங்கிக்கொள்ளலாம். 1 முதல் 5 வரையிலான நிலைகளுக்கு 30,000 ரூபாய், 6-ஆம் நிலைக்கு 54,000, 7 முதல் 11 வரை 78,000, அதற்கு மேல் 1,20,000.

கிராஜுவிட்டி கைக்கு வந்த சூட்டில் 78,000 என்பது சுலபமாகத் தெரியும், இரண்டு மாதம் கழித்துக் கட்டச் சொன்னால் வலிக்கும். ஆனால் அறுபது வயதில் கட்டியவர் எண்பது வரை இருந்தால் மாதத்துக்கு 325 ரூபாய்தான் ஆகிறது. அவருக்குப் பிறகு குடும்ப ஓய்வூதியம் பெறும் மனைவிக்கும் அதே சந்தாவில் வசதி தொடரும். அட்டையைத் தன் பேருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இந்த விலைக்கு இதைச் சந்தையில் யாரும் தரமாட்டார்கள்.

அடுத்தது எஃப்எம்ஏ, அதாவது நிலையான மருத்துவப்படி. சிஜிஎச்எஸ் பகுதிக்கு, அதாவது அதன் நலவாழ்வு மையங்கள் இயங்கும் பகுதிக்கு, வெளியே வசிப்பவர்களுக்குப் பென்ஷனோடு மாதம் 1,000 ரூபாய் வரும். 2017 ஜூலையில் 500-இலிருந்து 1,000 ஆனது. அகவிலைப்படி போல ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏறும் தொகை இல்லை இது. வெளிநோயாளிச் செலவுக்கு மட்டும்தான். டாக்டர் ஃபீஸ், ரத்தப் பரிசோதனை, மாத்திரை எல்லாம் இந்த ஆயிரத்துக்குள் முடிய வேண்டும். கணவனுக்கும் மனைவிக்கும் சேர்த்தே இந்த ஆயிரம்.

பலர் கவனிக்காமல் விடுவது மூன்றாவது வழியை. வெளிநோயாளிச் செலவுக்கு எஃப்எம்ஏ, ஆஸ்பத்திரியில் படுத்தால் சிஜிஎச்எஸ் என்று இரண்டையும் சேர்த்து வாங்கலாம். இதற்கும் முழுச் சந்தா கட்ட வேண்டும். கட்டினால் என்ன? 78,000 கட்டியவருக்கு ஆறரை ஆண்டில் எஃப்எம்ஏ வழியாகவே அந்தப் பணம் திரும்பிவிடுகிறது. 30,000 கட்டியவருக்கு இரண்டரை ஆண்டு போதும். சிஜிஎச்எஸ் பகுதிக்கு வெளியே இருந்துகொண்டு வெறும் எஃப்எம்ஏ மட்டும் வாங்குபவர்களைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கும். கையில் வரும் ஆயிரம் கண்ணுக்குத் தெரிகிறது, ஒரு ஸ்டென்ட் செலவு தெரிவதில்லை.

சரி, சென்னையிலோ திருச்சியிலோ திருநெல்வேலியிலோ நலவாழ்வு மையத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்? அவருக்கு எஃப்எம்ஏ என்ற கேள்வியே எழாது. அவர் கேட்டுக்கொள்ள வேண்டியது மாத்திரைக் கணக்கை. வீட்டில் இருவருக்கும் சேர்த்து மாதம் 3,000 ரூபாய் மருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 36,000. மையத்தில் அது இலவசம். நாள்பட்ட நோய்க்கு, சிறப்பு மருத்துவர் எழுதியிருந்தால், மூன்று மாதத்துக்கு வரைகூடச் சேர்த்துத் தருவார்கள். இரண்டே ஆண்டு மருந்திலேயே 7-ஆம் நிலைக்காரர் கட்டிய சந்தாவில் பெரும்பகுதி கழிந்துவிடும்.

இலவசம் என்றாலும் அதற்கு நடை ஒரு விலை. காலையில் டோக்கன், டாக்டர் அறை வாசலில் பெஞ்ச், பிறகு மருந்து கவுன்ட்டர். எட்டு மருந்து எழுதினால் ஐந்து கிடைக்கும், மீதி மூன்றுக்கு ‘இன்டென்ட்’ போடுவார்கள். உள்ளூர் மருந்துக்கடையிலிருந்து அது வந்து சேர்ந்ததும் இன்னொரு நாள் போய் வாங்க வேண்டும். நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் பிராண்டுக்குப் பதில் அதே மருந்து வேறு பெயரில் வரலாம். முழங்கால் வலிக்காரருக்கு ஆட்டோ செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கும். 70 வயது தாண்டியவர்கள் சிஜிஎச்எஸ் அங்கீகாரப் பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிக்குப் பரிந்துரைக் கடிதம் இல்லாமலே நேராகப் போய் சிறப்பு மருத்துவரைப் பார்க்கலாம் என்று 2024-இல் வந்த தளர்வு உண்மையிலேயே பெரிய உதவி.

பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில் பென்ஷனர்களுக்குப் பணம் கட்டாத சிகிச்சை உண்டு. அவசரத்தில் பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் முழுப் பணமும் கட்டிவிட்டுப் பிறகு பில் கொடுத்து வாங்க வேண்டும். அப்போது சிஜிஎச்எஸ் நிர்ணயித்த கட்டண விகிதப்படிதான் தருவார்கள், ஆஸ்பத்திரி போட்ட விகிதப்படி இல்லை. நடுவில் இருக்கும் வித்தியாசம் நம் தலையில். சின்ன ஊரில் இருப்பவர்களை இது அதிகம் பாதிக்கும், ஏனென்றால் அங்கே பட்டியல் ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்காது.

தமிழ்நாடு அரசு ஓய்வூதியர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை, தேர்வே கிடையாது. 2022 ஜூலை முதல் 2026 ஜூன் வரையிலான நான்காண்டு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பென்ஷனிலிருந்து மாதம் 497 ரூபாய் பிடித்தம். நான்காண்டுக்கும் சேர்த்து 5 லட்சம், குறிப்பிட்ட சில பெரிய சிகிச்சைகளுக்கு 10 லட்சம். மாத்திரைச் செலவு இதில் வராது. மாதம் 497 என்றால் நான்காண்டில் 23,856 ரூபாய். மத்திய அரசின் கீழ்நிலை ஊழியர் 30,000 கட்டி ஆயுள் முழுக்க, உச்சவரம்பு என்ற பேச்சே இல்லாமல் வாங்குவதோடு இதை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

அப்புறம் 70 வயது அட்டை. ஆயுஷ்மான் வய வந்தனா என்ற பெயரில் 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கப்பட்டது. வருமான வரம்பு இல்லை, ஆதாரில் 70 ஆகியிருந்தால் போதும். பழைய நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் இல்லை. குடும்பத்தில் 70 ஆனவர்களுக்குச் சேர்த்து ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்கு ஆண்டுக்கு 5 லட்சம், கட்ட வேண்டியது ஒன்றுமில்லை. ஆனால் சிஜிஎச்எஸ் அட்டைக்காரர் இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். என் கருத்தில் சிஜிஎச்எஸ்ஸை விட்டுவிட்டு இதற்குப் போவது நஷ்டம். வெளிநோயாளி மருந்து போய்விடும், செலவுக்கு ஒரு வரம்பும் வந்துவிடும். பென்ஷனே இல்லாத தனியார் துறைப் பெரியவர்களுக்கு இது வரப்பிரசாதம்.

தனியார் பாலிசி? 65 வயதுக்கு மேல் புதிதாக எடுக்க முடியாது என்ற தடை 2024-இல் போய்விட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டியும் இல்லை. மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டுமானால் நிறுவனம் முதலில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும். பத்து சதவீதம் என்பதே கூட்டு வட்டியில் ஏழெட்டு ஆண்டில் இரட்டிப்பாகிவிடும் என்பதை மறக்க வேண்டாம். பழைய நோய்க்கு மூன்றாண்டு வரை காத்திருக்க வைக்கலாம். சிஜிஎச்எஸ் உள்ளவர் இதை முழுப் பாலிசியாக எடுப்பது வீண். முதல் சில லட்சங்களைத் தாண்டிய செலவுக்கு மட்டும் பணம் தரும் சூப்பர் டாப்-அப் எடுத்தால் பிரீமியம் குறைவு, விகித வித்தியாசத்தில் விழும் ஓட்டையையும் பெருமளவு அடைக்கலாம்.

அப்படி எடுத்தால் ஒரே சிகிச்சைக்கு இரண்டு இடத்திலும் கேட்க விதியில் இடமிருக்கிறது. அசல் பில்களைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்து, அவர்கள் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற கடிதத்தோடு நகல்களை சிஜிஎச்எஸ்ஸில் கொடுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து மொத்தச் செலவைத் தாண்டக் கூடாது. டிஸ்சார்ஜ் ஆன ஆறு மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பதால், நிறுவனத்தின் கடிதம் தாமதமாகும் என்று தெரிந்தாலே மையத்தில் முன்கூட்டி எழுதிக் கொடுத்து வைப்பது நல்லது.