இழப்பீட்டுக்கு வரம்பு கட்டலாமா? குலசேகரத்திலிருந்து ஒரு பார்வை

திருவனந்தபுரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவை முடிந்தபின் உடல் தேறாமலே இருக்கிறார் என் சித்தி. ஸ்கேன், பில், டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாம் ஒரு மஞ்சள் துணிப்பையில் கிடக்கின்றன. சித்தப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு. சித்திக்குச் சம்பளம் என்று எதுவும் கிடையாது. மருத்துவக் கவனக்குறைவுச் சட்டங்களை அந்தப் பையை வைத்தே நான் எடைபோடுகிறேன்.

கலிபோர்னியா மாநிலம் 1975இல், வலிக்கும் மனவேதனைக்கும் தரும் இழப்பீடு 2,50,000 டாலரைத் தாண்டக் கூடாது என்றது. கவனக்குறைவு வழக்குகளுக்காக டாக்டர்கள் எடுக்கும் காப்பீட்டின் பிரீமியம் எகிறியதே காரணம். விலைவாசி எவ்வளவு ஏறியும் 2022 வரை அந்தத் தொகையை யாரும் தொடவில்லை. டெக்சாஸ் 2003இல் அதே வழியில் போனது. இழப்பீட்டுத் தொகைகள் குறைந்தன. வரம்பு வந்தால் மாநிலத்துக்கு டாக்டர்கள் திரண்டு வருவார்கள் என்ற பேச்சை ஆராய்ந்தவர்கள் சிலருக்கு அப்படி ஒன்றும் தென்படவில்லை. கலிபோர்னியாவின் வரம்பு சம்பள இழப்பைத் தொடாது. அதனால் கை நிறையச் சம்பாதிப்பவர் தப்பிவிடுவார். வெட்டு விழுவது வீட்டுப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும்தான்.

நியூசிலாந்தில் 1974 முதல் வேறு ஏற்பாடு. இழப்பீட்டுக்காக வழக்குப் போட முடியாது. டாக்டரின் தவற்றை நிரூபிக்கவும் வேண்டாம். சிகிச்சையால் ஊறு நேர்ந்தது என்றால் அரசு நிதியிலிருந்து மருத்துவச் செலவு கிடைக்கும். கேட்க இனிக்கிறது. ஆனால் வாரத் தொகை சம்பளத்தில் 80 சதவீதம். சம்பளமில்லாத சித்திக்கு அந்தத் தொகை அங்கும் இல்லை.

நம் வழியில் ஓட்டைகள் உண்டு, வாசலாவது திறந்திருக்கிறது. கட்டணச் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொன்னது. 2019 சட்டத்தின்படி புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம். கேரள எல்லை தாண்டிச் சிகிச்சைக்குப் போகும் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இது பெரிய ஆறுதல். நாகர்கோவிலில் உள்ள நுகர்வோர் ஆணையமே போதும். உச்சவரம்பும் கிடையாது: கொல்கத்தா வழக்கு ஒன்றில் 2013இல் ஏறத்தாழ 6 கோடி ரூபாய் தீர்ப்பானது. ஆனால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையில் இலவசமாகப் படுத்தவருக்கு இந்த வாசல் அடைப்பு. அவர் சிவில் நீதிமன்றம் ஏற வேண்டும். என்னைக் கேட்டால், முதலில் திருத்த வேண்டியது இதைத்தான்.

சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது 2002 முதல் உள்ள விதி. சித்தப்பா குழித்துறையில் ரயிலேறி மூன்று முறை போனார். பதினோராம் நாள் நகல் கிடைத்தது, இரண்டு பக்கங்கள் குறைவாக. புகார் கொடுக்க இருக்கும் இரண்டு வருடக் கெடுவில் இனி ஐந்து மாதமே பாக்கி.